அக்டோபர் 15: நூலகப் பலகையில் எந்த வரிகள் நிற்கும்?

கேத்தி வாசகர்:
வணக்கம். நூலக வாசலில் இருக்கும் கரும்பலகையில் 'இதே நாளில்' என்ற தலைப்பில் அக்டோபர் 15க்கு எழுத வேண்டியவற்றைத் திரட்டியிருக்கிறேன். பலகை 4 அடி அகலம், 3 அடி உயரம். இப்போதைக்குப் பட்டியல் இது:

அக்பர் பிறப்பு 1542, இத்தாலிய அறிவியலாளர் தோரிசெல்லி பிறப்பு 1608, பலூனில் பறந்த முதல் மனிதர் 1783, ரஷ்யக் கவிஞர் லெர்மன்தவ் பிறப்பு 1814, நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவுக்கு வந்தது 1815, ஜெர்மன் தத்துவஞானி நீட்சே பிறப்பு 1844, நீலகிரி மலை ரயில் திறப்பு 1908, ஷீர்டி சாய்பாபா மறைவு 1918, அப்துல் கலாம் பிறப்பு 1931, ஐ.நா. அறிவித்த உலக மாணவர் தினம், சோவியத் தலைவர் கொர்பச்சேவுக்கு நோபல் 1990, காசினி விண்கலம் 1997, சீனாவின் முதல் விண்வெளி வீரர் 2003.

பள்ளிப் பிள்ளைகள் இதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அதனால் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்க வேண்டும். எதை வைக்கலாம், எதை விடலாம், எதில் தவறு இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:
நம்ம ஊர் வரியிலிருந்தே தொடங்குகிறேன். "நீலகிரி மலை ரயில் திறப்பு 1908" என்று எழுதினால் அது தவறு. அந்தப் பாதை மூன்று கட்டமாக மேலே வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899 ஜூனில் திறந்துவிட்டார்கள். குன்னூரிலிருந்து பெர்ன்ஹில் வரை 1908 செப்டம்பர் 15. பெர்ன்ஹில்லிலிருந்து உதகை வரை அக்டோபர் 15. அதாவது அக்டோபர் 15க்கு உரியது கடைசிச் சிறு துண்டு மட்டும்தான். ஆனால் அந்தத் துண்டு சேர்ந்த பிறகுதான் 46 கிலோமீட்டர் பாதை முழுமையானது. "மலை ரயில் உதகை வரை வந்தது" என்று எழுதுங்கள். சரியாகவும் இருக்கும், சுருக்கமாகவும் இருக்கும்.

பக்கத்தில் படம் ஒட்டுவதாக இருந்தால் இன்னொன்று. எல்லோரும் கைக்கு எடுப்பது எக்ஸ் வகை நீராவி எஞ்சின் படத்தைத்தான். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த அந்த எஞ்சின்கள் இந்தப் பாதைக்கு வரத் தொடங்கியது 1914இல். 1908க்குப் பக்கத்தில் அந்தப் படம் பொருந்தாது. அதற்குப் பதில் பல்தண்டவாளத்தைப் படமாக வரையுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கம் பக்கமாக ஓடும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரங்களில் ஏதாவது ஒரு பல் எப்போதும் கவ்விக்கொண்டே இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அது கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும். அங்கேதான் ஏற்றம் 12க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி உயரும். குன்னூருக்கு மேலே 25க்கு 1 என்பதால் சாதாரணத் தண்டவாளமே போதும். ஆக, 1908இல் சேர்ந்த பகுதியில் பல்தண்டவாளம் கிடையாது என்பதையும் படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படமே தப்பான செய்தி சொல்லும்.

ஐப்பசி:
இந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய முதல் வரியே விடுபட்டிருக்கிறது. இன்று நம் சுவரில் தொங்கும் ஆங்கிலக் காலண்டர் பிறந்த நாளே அக்டோபர் 15தான். 1582இல் போப் 13ஆம் கிரிகோரியின் ஆணைப்படி அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று எண்ணினார்கள். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து இவையெல்லாம் அன்றைக்கே மாறின. நடுவில் 10 தேதிகள் கிடையாது. கிழமை மட்டும் விடாமல் தொடர்ந்தது.

காரணம் எளிது. பழைய ஜூலியன் கணக்கில் ஆண்டுக்கு 365.25 நாள். பருவங்கள் சுற்றி வருவதோ சுமார் 365.2422 நாளில். 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் காலண்டர் பின்தங்கும். கி.பி. 325இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தை அளவாக வைத்து, அதிலிருந்து 1582 வரை சேர்ந்திருந்த 10 நாளைக் கழித்தார்கள். மேற்கொண்டு பிசகாமல் இருக்க, 400 ஆண்டுக்கு 3 லீப் நாளை நீக்கினார்கள். அதனால்தான் 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு.

ஆவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அக்டோபர் 4 இரவா, 15 விடியலா என்றால் இரண்டும் ஒரே இரவுதான். அவருடைய திருநாளை அக்டோபர் 15இல் வைத்திருப்பதும் அதனால்தான். மலையில் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த ஒரு வரியே காலண்டர் மாற்றத்தை விளக்கிவிடும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அக்பரையும் லெர்மன்தவையும் ஒரே பலகையில் வைத்தால் கணக்கு இடிக்கும். அக்பரின் 1542 அக்டோபர் 15 ஜூலியன் தேதி. ஹிஜ்ரி 949 ரஜப் 5 என்ற குறிப்பை அன்றைய ஐரோப்பியக் கணக்குக்கு மாற்றி எழுதியது. அதை இன்றைய கணக்குக்குக் கொண்டுவந்தால் அக்டோபர் 25 ஆகிவிடும். லெர்மன்தவ் பிறந்தபோது ரஷ்யாவில் அக்டோபர் 3. அதை இன்றைய கணக்குக்கு மாற்றித்தான் 15 ஆக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு மாற்றாத தேதி, மற்றவருக்கு மாற்றிய தேதி.

பொது வழக்கம் என்னவென்றால், 1582க்கு முந்தையதை ஜூலியனிலேயே விட்டுவிடுவார்கள். அதற்குப் பிந்தையதை கிரிகோரியனுக்கு மாற்றுவார்கள். அந்த வழக்கப்படி இருவரும் 15இல் நிற்கலாம், ஆனால் அக்பருக்குப் பக்கத்தில் 'பழைய கணக்கு' என்று போட வேண்டும். மாற்றுவதற்கு: 1700 பிப்ரவரி கடைசி வரை 10 நாள் கூட்டு, 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. எந்த நாடு எப்போது மாறியது என்று பார்த்த பிறகே கூட்ட வேண்டும். பிரிட்டன் 1752 செப்டம்பரில் மாறியது. அங்கே 2ஆம் தேதிக்கு அடுத்தது 14. ரஷ்யா 1918இல்; ஜனவரி 31க்கு அடுத்தது பிப்ரவரி 14. தோரிசெல்லி 1608இல் பிறந்தது இத்தாலியில். அங்கே அதற்குள் புதுக் கணக்கு வந்துவிட்டதால் அவருக்கு ஒன்றும் கூட்ட வேண்டாம். அவசரத்தில் 10 நாள் கூட்டி 25 ஆக்கிவிடாதீர்கள்.

பேரிஜம்:
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி சார் காலண்டரைப் பார்த்துவிட்டார். நான் 'என்ன நடந்தது' என்பதைப் பார்க்கிறேன். இதே நாள் பட்டியல்களில் பாதித் தவறு தேதியில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது.

1783 அக்டோபர் 15இல் பாரிஸில் பிலாத்ர் த ரோசியே பலூனில் ஏறினார், உண்மை. ஆனால் பலூன் கயிற்றால் தரையோடு கட்டப்பட்டிருந்தது. சுமார் 80 அடி உயர்ந்து நின்றது. கயிறு இல்லாமல் பறந்தது நவம்பர் 21. 'பறந்தார்' என்று எழுதாமல் 'கயிறு கட்டிய பலூனில் ஏறினார்' என்று எழுத வேண்டும். கொர்பச்சேவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டதுதான் 1990 அக்டோபர் 15. விழா நடப்பது எப்போதும் டிசம்பர் 10. காசினி அன்றைக்கு ஏவப்பட்டது. சனிக் கோளை எட்டியது 2004 ஜூலை 1.

எங்கள் மலையிலும் இதே சிக்கல் உண்டு. சூரியக் கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கம் பாய்வதை ஜான் எவர்ஷெட் கொடைக்கானல் வானாய்வகத்தில் நிறமாலையில் கண்டது 1909 ஜனவரி 5. அச்சில் வந்தது அதற்குப் பிறகு. கண்ட நாளா, வெளியிட்ட நாளா என்று சொல்லாமல் 'கண்டுபிடிப்பு' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள்.

சாய்பாபா மறைந்தது 1918 அக்டோபர் 15 என்பது சரி. அன்று விஜயதசமி. ஷீர்டியில் ஆண்டுதோறும் அதை விஜயதசமியன்றுதான் அனுசரிக்கிறார்கள், தேதிப்படி இல்லை. பலகையில் 'நினைவு நாள்' என்று போட்டால் பக்தர்கள் வந்து கேட்பார்கள். 'மறைந்த நாள்' என்று போடுங்கள்.

கேத்தி வாசகர்:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழ் ஆண்டும் கிழமையும் போட வேண்டும் என்று இங்கே பெரியவர்கள் கேட்கிறார்கள். பஞ்சாங்கம் தேடாமல் கணக்குப் போட வழி இருக்கிறதா? ராஜராஜ சோழன் பிறந்ததும் அக்டோபர்தானே என்றும் ஒருவர் கேட்டார்.

ஐப்பசி:
ராஜராஜனை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவருக்குக் கொண்டாடுவது ஐப்பசி மாதத்துச் சதய நட்சத்திரம். ஐப்பசி பிறப்பதே அக்டோபர் 17, 18 வாக்கில்தான். சதயம் அதற்குள் எந்த நாளிலும் விழலாம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். நட்சத்திரத்தில் நிற்கும் பிறந்தநாளை ஆங்கிலத் தேதிக்குள் அடைக்க முடியாது.

தமிழ் ஆண்டுக்கு வழி சுலபம். ஆங்கில ஆண்டிலிருந்து 6 கழியுங்கள், 60ஆல் வகுங்கள், மீதியே வரிசை எண். 1908க்கு 1902, மீதி 42, கீலக. 1918க்கு 1912, மீதி 52, காளயுக்தி. 1931க்கு 1925, மீதி 5, பிரசோற்பத்தி. மீதி 0 வந்தால் 60ஆவது, அட்சய. ஜனவரி முதல் சித்திரைப் பிறப்பு வரையிலான தேதி என்றால் முந்தைய ஆண்டின் பெயர். அதை மறந்தால் ஒரு வரிசை தள்ளிப்போகும்.

தமிழ் மாதத் தேதியை மட்டும் கணக்குப் போட்டு எழுதாதீர்கள். இன்று அக்டோபர் 15 என்றால் புரட்டாசி 28 அல்லது 29. நூறு ஆண்டுக்கு முன்னால் அப்படி இல்லை. நம் சூரிய ஆண்டு சற்றே நீளமானது என்பதால் 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் நகர்ந்துவிடும். போதாததற்கு, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் மாதப் பிறப்பு சில வேளை ஒரு நாள் முன்பின் வரும். அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கம் கையில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஆண்டின் பெயரோடு நிறுத்துங்கள்.

கிழமைக்கு: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதில் நாலில் ஒரு பங்கு (பின்னத்தை விட்டுவிடுங்கள்), தேதி, மாத எண், நூற்றாண்டு எண். ஐந்தையும் கூட்டி 7ஆல் வகுத்து மீதி பாருங்கள். அக்டோபருக்கு மாத எண் 1. நூற்றாண்டு எண் 1800களுக்கு 2, 1900களுக்கு 0, 2000களுக்கு 6. மீதி 1 ஞாயிறு, 2 திங்கள், அப்படியே போய் 0 சனி. 1908க்கு 8, 2, 15, 1 கூட்டினால் 26; மீதி 5; வியாழன். 1931க்கு 31, 7, 15, 1 கூட்டினால் 54, மீதி 5, அதுவும் வியாழன். உதகைக்கு ரயில் வந்ததும் கலாம் பிறந்ததும் ஒரே தேதி மட்டுமல்ல, ஒரே கிழமையும்கூட. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் வீட்டுக்குப் போய் எல்லார் பிறந்தநாளுக்கும் கணக்குப் போடுவார்கள். அப்போது மற்ற மாத எண்களும் வேண்டும்: ஜனவரி 1, பிப்ரவரி 4, மார்ச் 4, ஏப்ரல் 0, மே 2, ஜூன் 5, ஜூலை 0, ஆகஸ்ட் 3, செப்டம்பர் 6, நவம்பர் 4, டிசம்பர் 6. லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரிக்கு மொத்தத்தில் 1 குறையுங்கள்.

சுண்ணக்கட்டி:
வரிகளைத் தேர்ந்தெடுக்கும் முன் பலகையை அளந்துவிடுங்கள். 3 அடி என்றால் 36 அங்குலம். தலைப்புக்கு 4, அடியில் 3 போக 29 மிஞ்சும். பத்தடி தள்ளி நிற்பவர் படிக்க எழுத்து ஒன்றே கால் அங்குலமாவது வேண்டும். துணையெழுத்தும் கொம்பும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வரிக்கு இரண்டரை அங்குலம் விட வேண்டும். அப்படியானால் 11 வரி. அகலத்தில் வரிக்கு 4, 5 சொல்தான் அடங்கும். மொத்தம் 50 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து செய்திக்கு மேல் இடமில்லை. பதின்மூன்றையும் திணித்தால் எழுத்து முக்கால் அங்குலத்துக்குச் சுருங்கும், வாசலில் நின்று யாரும் படிக்க மாட்டார்கள்.

அக்டோபரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். தாழ்வாரத்துக்குள் வரும் மூடுபனியே பலகையை நனைத்துவிடும். ஈரப் பலகையில் உலர்ந்த சாக்பீஸ் வழுக்கும், எழுத்து திட்டுத் திட்டாக விழும். முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்து, சாக்பீஸைப் பத்து நிமிடம் ஊறப்போட்டு, மேல் ஈரம் போனதும் எழுதுங்கள். எழுதும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்த பிறகு பளிச்சென்று வெள்ளை ஏறும், கை பட்டாலும் அழியாது. அதிக நேரம் ஊறினால் சாக்பீஸ் கையிலேயே உடையும். மறுநாள் டஸ்டரால் அழியாது, ஈரத்துணிதான் வேண்டும். மிச்சம் விட்டால் எறும்பு வரும். சார்ட் பேப்பர் ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், இந்தக் குளிரில் மதியத்துக்குள் சுருண்டு விழும்.

லவ்டேல் ஆசிரியை:
ஐ.நா. அறிவித்த உலக மாணவர் தினம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். கலாம் பிறந்தநாளை ஐ.நா. அப்படி அறிவித்ததாகப் பல இடங்களில் அச்சாகிறது, ஆனால் ஐ.நா.வின் நாட்கள் பட்டியலில் அது இல்லை. அக்டோபர் 15க்கு அங்கே இருப்பது உலக ஊரகப் பெண்கள் நாள். 2007 டிசம்பரில் பொதுச்சபை தீர்மானித்து, 2008இல் முதன்முதலாக அனுசரித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருக்கும் ஊரில் அந்த வரிக்கு மதிப்பு அதிகம்.

பேரிஜம்:
ஆசிரியை அம்மா சொல்வது சரி. ஆனால் பள்ளிகளில் அன்றைக்கு மாணவர் தினம் என்றே நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பலகையில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லாவிட்டால் விட்டுப்போனதாக நினைப்பார்கள்.

லவ்டேல் ஆசிரியை:
அதற்குத்தான் தமிழ்நாடு அரசு 2015இல் அறிவித்த 'இளைஞர் எழுச்சி நாள்' இருக்கிறதே. கலாம் வரியிலேயே சேர்த்துவிடலாம். நடத்தும் நிகழ்ச்சியில் குறையில்லை, யார் அறிவித்தார்கள் என்பதை மட்டும் சரியாக எழுதினால் போதும்.

பேரிஜம்:
ஒத்துக்கொள்கிறேன். விண்வெளி வரிகளுக்கு மணியையும் பார்த்துவிடுங்கள். சீனாவின் யாங் லிவெய் புறப்பட்டது பெய்ஜிங் நேரம் 2003 அக்டோபர் 15 காலை 9 மணி, நமக்குக் காலை ஆறரை. அதே கணத்தில் அமெரிக்காவில் 14ஆம் தேதி இரவு. அமெரிக்கச் செய்தியைப் பார்த்து எழுதியவர்கள் 14 என்றே போட்டிருப்பார்கள். காசினிக்கு இந்தத் தொல்லை இல்லை. புளோரிடாவில் விடியற்காலை, நமக்கு மதியம், இரண்டுமே 15. நிலவில் அப்பல்லோ இறங்கியது உலக நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 8.17, நம் கடிகாரத்தில் 21ஆம் தேதி அதிகாலை 1.47. நடந்த இடத்தின் தேதியையே போடுவது என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நிலவுக்கு மட்டும் உலக நேரம்.

பல்சக்கரம்:
ஐந்துக்குத்தான் இடம் என்றால் நெப்போலியனையும் நீட்சேயையும் தயங்காமல் விடலாம். இரண்டும் சரியான தேதிதான், ஆனால் எந்த ஊர்ப் பலகையிலும் கிடைக்கும். தோரிசெல்லியை விடாதீர்கள். பாதரசம் நிரப்பிய குழாயைத் தலைகீழாக நிறுத்தி, காற்றுக்கு எடை உண்டு என்று காட்டியவர். கடலோரத்தில் 760 மில்லிமீட்டர் நிற்கும் பாதரசம், 2,203 மீட்டரில் இருக்கும் உதகை ஸ்டேஷனில் சுமார் 580க்கு இறங்கிவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மலையில் நேரம் பிடிப்பதும் அதனால்தான். தண்ணீர் இங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. மலைப் பிள்ளைகளுக்கு இவரைவிடப் பொருத்தமான பிறந்தநாள் அன்று கிடையாது.

செப்டம்பர் 15க்கும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: 1861 பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா பிறப்பு, 1908 பெர்ன்ஹில் வரை ரயில், 1909 அண்ணா பிறப்பு, 2017இல் அதே காசினி சனிக் கோளுக்குள் விழுந்து முடிந்தது. ஜூன் 15 உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன் பிறந்தநாள், 1788. ஜூன் 27, 2008இல் பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த நாள். டிசம்பர் 8 எழுதும்போது கவனமாக இருங்கள்: 2021இல் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்ததில் ஜெனரல் பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றைக்கே இறந்தார்கள், 14ஆமவர் ஒரு வாரம் கழித்து டிசம்பர் 15இல். 'அன்று 14 பேர்' என்று எழுதக்கூடாது. அந்த நாளுக்கு வண்ணச் சாக்பீஸும் வேண்டாம்.

கேத்தி வாசகர்:
எல்லாவற்றையும் வைத்து எழுதிப் பார்த்தது:

1582: கிரிகோரியன் நாட்காட்டி தொடக்கம். அக்டோபர் 4க்கு மறுநாள் 15. புனித தெரேசா மறைந்த இரவு.
1608: காற்றழுத்தமானி தந்த தோரிசெல்லி பிறப்பு, இத்தாலி.
1908, கீலக, வியாழன்: மலை ரயில் உதகை வரை வந்தது.
1931, பிரசோற்பத்தி, வியாழன்: அப்துல் கலாம் பிறப்பு, ராமேஸ்வரம். தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள்.
1997: காசினி ஏவப்பட்டது.
உலக ஊரகப் பெண்கள் நாள் (ஐ.நா.).

ஐப்பசி:
தொடக்கம் என்பதோடு 'இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளில்' என்று சேருங்கள். அன்றைக்கு உலகம் முழுக்க மாறியதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடாது. பிரிட்டனுக்கு அது வர இன்னும் 170 ஆண்டு இருந்தது.

சுண்ணக்கட்டி:
அதைச் சேர்த்தால் ஒரு வரி கூடும். காசினியை செப்டம்பர் 15 பலகைக்குத் தள்ளிவிட்டு, ஊரகப் பெண்கள் நாளைத் தலைப்புக்குக் கீழேயே மஞ்சள் சாக்பீஸில் எழுதுங்கள். இடம் சரியாக இருக்கும்.